சேலம் சூனிய வழக்கில் மன்னிப்புக் கேட்ட நீதிபதி: சாமுவேல் சூவலும் அவர் வீடும்

கேள்வி இது: 1692-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் நடந்த சேலம் சூனிய வழக்கில் தண்டனை கொடுத்த நீதிபதிகளில் ஒருவர் மட்டும் பிறகு ஊரறிய மன்னிப்புக் கேட்டாராமே, அவர் யார், பிள்ளைகள் வரிசையாகச் செத்துப்போன பயத்தில்தான் கேட்டார் என்கிறார்களே, அது உண்மையா?

பாதி உண்மை. அவர் பெயர் சாமுவேல் சூவல். அந்த மன்னிப்புக்கும் அவர் வீட்டுச் சாவுகளுக்கும் தொடர்பு உண்டு, அதை அவரே எழுதியும் கொடுத்தார். ஆனால் "பயந்துபோய்க் கேட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் அந்த மனிதர் கையில் சிக்கமாட்டார். அவரைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம் அவர் எழுதிய டைரி. 1674-இல் தொடங்கி 1729 வரை, நடுவில் சில வருடம் விடுபட்டாலும், அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதியிருக்கிறார். யார் செத்தார்கள், யார் வீட்டில் என்ன சாப்பிட்டேன், பாதாம் என்ன விலை என்பது வரைக்கும் அதில் இருக்கும். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூவல் பிறந்தது இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், 1652-இல். ஒன்பது வயதில் குடும்பத்தோடு கடல் தாண்டி மசாசூசெட்ஸின் நியூபரிக்கு வந்து சேர்ந்தார். 1671-இல் ஹார்வர்டில் பட்டம். அந்தக் காலத்து ஹார்வர்டில் படித்தவர்களில் நிறையப் பேர் போதகராகப் போவார்கள், இவரும் அந்த வழியில்தான் போயிருக்க வேண்டியது. கல்யாணம் வழியை மாற்றிவிட்டது. 1676-இல் ஹன்னா ஹல் என்ற பெண்ணைக் கட்டினார். அவளுடைய அப்பா ஜான் ஹல், காலனியின், அதாவது இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்த அன்றைய மசாசூசெட்ஸின், நாணயச்சாலையை நடத்தியவர், பைன் மரம் பொறித்த வெள்ளி ஷில்லிங்குகளை அடித்தவர், அடிக்கும் ஒவ்வொரு காசுக்கும் தனக்கென்று ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் வைத்திருந்தவர். பாஸ்டனின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. பெண்ணைத் தராசின் ஒரு தட்டில் உட்காரவைத்து மறு தட்டில் ஷில்லிங்குகளைக் கொட்டினாராம் அப்பா, அவள் எடைக்கு எடை வெள்ளிதான் சீதனமாம். பிற்காலத்தில் கட்டிய கதை, நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. உண்மையில் கொடுத்தது 500 பவுண்டு. ஆனால் ஒன்று, கணக்குப் போட்டுப் பாருங்கள்: பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஆக 10,000 காசு. ஒரு காசின் நியம எடை 72 கிரெயின், அதாவது சுமார் 4.67 கிராம். மொத்தம் 46 கிலோவைத் தாண்டுகிறது. ஒல்லியான ஒரு பெண்ணின் எடைதானே! கதை கட்டியவர் தெரிந்து கட்டினாரோ தெரியாமல் கட்டினாரோ, கணக்கு உதைக்கவில்லை.

1683-இல் மாமனார் போனதும் சொத்தும் ஊர் மரியாதையும் மருமகன் கைக்கு வந்தன. அப்புறம் பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக. பாஸ்டன் அச்சகத்தை மூன்று வருடம் பார்த்துக்கொண்டார், காலனி நிர்வாகத்தில் உட்கார்ந்தார், 1692-இல் புதிய சாசனம் வந்தபோது ஆளுநரின் ஆலோசனைக் குழுவில் இடம் பிடித்து 1725 வரை வருடாவருடம் தேர்வானார். உயர் நீதிமன்ற நீதிபதி, கடைசியில் தலைமை நீதிபதி. சட்டம் படித்தாரா என்று கேட்காதீர்கள். சேலத்தில் தீர்ப்புச் சொன்ன யாருமே முறையாகச் சட்டம் படித்தவர்கள் இல்லை. வியாபாரம், நிலம், வேதம், நல்ல பெயர் இவை இருந்தால் நீதிபதி ஆகலாம் என்றிருந்த காலம்.

இப்போது 1692. சேலம் கிராமத்தில் சில சிறுமிகளுக்கு வலிப்பு வருகிறது, யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்கிறார்கள், குற்றம்சாட்டப்பட்டவர்கள் 150-ஐத் தாண்டுகிறார்கள். புதிதாக வந்த ஆளுநர் ஃபிப்ஸ் மே மாதம் ஒரு தனி நீதிமன்றம் அமைக்கிறார். வில்லியம் ஸ்டோட்டன் தலைமை, சூவல் அதில் ஒரு நீதிபதி. பிரச்சினை முழுக்க அவர்கள் ஏற்றுக்கொண்ட சாட்சியத்தில் இருந்தது: "இவளுடைய உருவம் ராத்திரி என்னிடம் வந்து கழுத்தை நெரித்தது" என்று ஒருத்தி சொன்னால், அந்த நேரத்தில் இவள் தன் வீட்டில் படுத்திருந்தாலும் பரவாயில்லை, அது சாட்சி. இதற்கு எதிராக யாரால் என்ன வாதாட முடியும்? 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் விசாரணைக்குச் சம்மதிக்க மறுத்ததால் அவர்மேல் பாறாங்கற்களை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். சிறையில் செத்தவர்கள் தனி.

முதல் தூக்குக்குப் பிறகு நதானியேல் சால்டன்ஸ்டால் என்ற நீதிபதி விலகிக்கொண்டார். ஆக, விலக வழி இருந்தது. சூவல் விலகவில்லை.

டைரியில் அந்த மாதங்களைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். மழை, விருந்து, பிரசங்கம் எல்லாம் உண்டு, வழக்கைப் பற்றி மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓரிரு வரி. ஆகஸ்ட் 19-ஆம் தேதி ஜார்ஜ் பர்ரோஸ் என்ற போதகரைத் தூக்கிலிட்டார்கள். அவர் ஹார்வர்டில் சூவலுக்கு ஒரு வருடம் மூத்தவர், தெரிந்த மனிதர். சூனியக்காரனால் பிழையில்லாமல் சொல்ல முடியாது என்று அன்று நம்பிய கர்த்தருடைய ஜெபத்தை அவர் ஏணியில் நின்றபடி பிசகாமல் சொல்லி முடித்தார், கூட்டம் கலங்கிவிட்டது. சூவல் எழுதியது என்ன தெரியுமா? அவருடைய பேச்சு யோசிக்காத ஆட்களின் மனதை அசைத்துவிட்டது என்று. தான் அசையவில்லை என்பதுதான் அதன் பொருள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வருத்தக் குறிப்பு இருக்கிறது. ஏப்ரலில் அவர் கலந்துகொண்ட ஒரு விசாரணையைப் பற்றிய பக்கத்தின் ஓரத்திலும் "ஐயோ, ஐயோ, ஐயோ" என்று லத்தீனில் பின்னாளில் எழுதிச் சேர்த்திருக்கிறார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த வழக்கு சூவலின் குடும்ப விவகாரமும்கூட. தம்பி ஸ்டீபன் சூவல் சேலத்தில் இருந்தார், அந்த நீதிமன்றத்துக்கே எழுத்தர் அவர்தான். முதலில் வலிப்பு வந்த சிறுமிகளில் ஒருத்தியான பெட்டி பாரிஸை ஊர்க் கலவரத்திலிருந்து அப்புறப்படுத்தித் தங்கவைத்ததும் ஸ்டீபன் வீட்டில். பிறகு 1711-இல் அரசாங்கம் தண்டனைகளை ரத்து செய்து 578 பவுண்டு 12 ஷில்லிங் இழப்பீடு ஒதுக்கியபோது, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்காக அதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் வேலையும் அதே ஸ்டீபனிடம் வந்தது.

சரி, பிள்ளைகள் விஷயம். ஹன்னாவுக்கு மொத்தம் 14 பிரசவம். "சேலம் பாவம்தான் பிள்ளைகளைக் கொன்றது என்று நினைத்தார்" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: சேலத்துக்கு முன்பே ஐந்து குழந்தைகள் போய்விட்டன. ஜான், ஹல், ஹென்றி, ஸ்டீபன், முதல் ஜூடித். அப்போதும் அழுதார், ஜெபித்தார், தேவனின் சித்தம் என்று எழுதினார், ஆனால் இன்ன குற்றத்துக்கு இது தண்டனை என்று விரல் நீட்டவில்லை. சேலத்துக்குப் பிறகு போனது மூன்று: 1693-இல் ஜேன், 1696 மே மாதம் இறந்தே பிறந்த ஒரு மகன், அதே டிசம்பரில் இரண்டு வயது சாரா. எண்ணிக்கை கூடிவிடவில்லை. அவர் வாசித்த விதம்தான் மாறியது. உள்ளே ஏற்கெனவே ஏதோ அரித்துக்கொண்டிருந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வீட்டில் எல்லாமே வானத்திலிருந்து வரும் செய்தி. 1695 ஏப்ரலில் புதுவீட்டுக்கு காட்டன் மாதர் என்ற பெரிய போதகர் சாப்பிட வந்திருந்தார், மற்ற வீடுகளைவிடப் போதகர்கள் வீட்டிலேயே ஏன் அதிகம் இடி விழுகிறது என்று அப்போதுதான் பேசிக்கொண்டிருந்தாராம், படபடவென்று துப்பாக்கிக் குண்டு அளவு ஆலங்கட்டி கொட்டி, புது ஜன்னல்களில் கிட்டத்தட்ட 480 கண்ணாடிச் சில்லுகள் நொறுங்கின. நாமாக இருந்தால் செலவை நினைத்துத் தலையில் கைவைத்திருப்போம், அவர்கள் உட்கார்ந்து ஜெபித்தார்கள். அடுத்த ஜனவரியில் பதினான்கு வயது மகள் பெட்டி, சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் திடீரென்று கதறி அழ, வீடே சேர்ந்து அழுதது. ஏன் என்று கேட்டால், தான் நரகத்துக்குப் போய்விடுவோமோ, தன் பாவம் மன்னிக்கப்படவில்லையோ என்று பயமாம். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைதான், குறை ஒன்றும் இல்லை, ஆனால் சிறுவயதிலிருந்து காதில் விழுந்ததெல்லாம் அதுதானே. இதே பெட்டி, மூன்று வருடம் கழித்துப் பெண்பார்க்க ஒருவர் வந்தபோது கோச் என்ற குதிரை வண்டிக்குள் போய் மணிக்கணக்கில் ஒளிந்துகொண்டாள். வேறு ஒருவரைத்தான் பிறகு கட்டினாள்.

1696 டிசம்பர் 23 காலை சாரா இறந்தாள். மறுநாள் வீட்டில் வழக்கமான வேத வாசிப்பு. மூத்த மகன் சாம் லத்தீனில் வாசிக்கிறான், மத்தேயு 12-ஆம் அதிகாரம். பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்பதன் பொருள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் குற்றமில்லாதவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்திருக்கமாட்டீர்கள் என்று வரும் இடம். குழந்தையின் உடல் வீட்டில் கிடக்கிறது, மகன் வாயிலிருந்து இந்த வரி வருகிறது. அது சேலத்தைப் பயங்கரமாக நினைவுக்குக் கொண்டுவந்தது என்று அன்றே டைரியில் எழுதிவிட்டார்.

25-ஆம் தேதி அடக்கம். அந்தக் கட்டுப்பெட்டிக் கிறிஸ்தவர்களுக்கு டிசம்பர் 25 பண்டிகையே இல்லை, கடைகள் திறந்திருக்கின்றன, வண்டிகள் ஓடுகின்றன என்று சந்தோஷமாகக் குறித்துவைக்கும் ஆள் இவர். அன்று மதியம் குடும்பக் கல்லறைக்குள் தனியாக இறங்கினார். மாமனார், மாமியார், ஒரு உறவினர், தன்னுடைய ஆறு பிள்ளைகள், எல்லோருடைய சவப்பெட்டிகளும் அங்கே இருந்தன. சின்னப் பெட்டிகளை மூன்று மூன்றாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருந்ததைக் குறித்துவைத்திருக்கிறார். பயங்கரமான, ஆனால் இதமான ஒரு விருந்து என்று அதற்குப் பெயரும் வைத்தார். முதல் தடவை படித்தபோது எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. இப்போதும் முழுக்கப் பிடிபட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன்.

மூன்று வாரம் கழித்து, 1697 ஜனவரி 14, சேலத்தில் தவறு நடந்திருக்கலாம் என்று காலனி முழுக்க அறிவித்த உபவாச நாள். (அவர்கள் கணக்கில் புது வருடம் மார்ச் 25-இல்தான் பிறக்கும், அதனால் பழைய ஏடுகளில் இதே நாள் 1696 என்று இருக்கும், குழம்ப வேண்டாம்.) தேவாலயத்துக்குள் நடந்துவந்த போதகர் சாமுவேல் வில்லர்டின் கையில் சூவல் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். இந்த வில்லர்ட், சேலம் வழக்கு நடந்த காலத்திலேயே அதை எதிர்த்தவர். அவர் அதைச் சபை முன்னால் படிக்கப் படிக்க, சூவல் தன் இடத்தில் எழுந்து நின்றார். முடிந்ததும் தலை குனிந்தார். காகிதத்தில் இருந்தது சுருக்கமாக இதுதான்: என்மேலும் என் குடும்பத்தின் மேலும் தேவனுடைய அடி திரும்பத் திரும்ப விழுவதை உணர்கிறேன், சேலம் நீதிமன்றத்தால் வந்த குற்றத்தில் எனக்குத் தெரிந்த வேறு யாரையும்விட என் பங்கு அதிகம், அதன் பழியையும் வெட்கத்தையும் நானே ஏற்றுக்கொள்ள விரும்புகிறேன், மனிதர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், தேவன் மன்னித்து என்னையும் என்னைச் சேர்ந்தவர்களையும் தேசத்தையும் தண்டிக்காதிருக்க வேண்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைக் காப்பாற்றச் செய்த பேரம் என்று இதைப் படிக்கலாம், கடைசி வரி அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பேரம் மட்டும் என்றால் அறையைச் சாத்திக்கொண்டு ஜெபித்தாலே போதும். பதவியில் இருக்கும் நீதிபதி, வாராவாரம் தன்னைப் பார்க்கும் ஊர்க்காரர்கள் நடுவே எழுந்து நின்றார். அதே நாளில் 12 ஜூரிகளும் கையெழுத்துப் போட்டு வருத்தம் தெரிவித்தார்கள். ஸ்டோட்டன் கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர் பதவிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதே மனிதர்தான் 1700 ஜூனில் அடிமை வியாபாரத்துக்கு எதிராக, அண்ணன்மார் 20 வெள்ளிக்காசுக்கு விற்ற யோசேப்பின் கதையைத் தலைப்பில் வைத்து, மூன்று பக்கத்தில் ஒரு பிரசுரம் அச்சிட்டார். நியூ இங்கிலாந்தில் அடிமைமுறையை எதிர்த்து அச்சான முதல் பிரசுரம் அது. உயிருக்கு அடுத்து மதிப்புள்ளது சுதந்திரம் என்று தொடங்கும். ஜான் சாஃபின் என்ற இன்னொரு நீதிபதி, தன் அடிமை ஆதாமுக்கு விடுதலை தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு மறுத்தவர், மறுவருடமே பதில் பிரசுரம் போட்டுத் தாக்கினார். ஆதாம் நீதிமன்றத்தில் போராடி 1703-இல் விடுதலை பெற்றார். சூவலைத் தூக்கிவைத்துப் பேசுபவர்கள் பிரசுரத்தின் மிச்சத்தையும் படிக்கட்டும். கறுப்பின மக்கள் நம்மோடு ஒருநாளும் ஒன்றாகக் கலக்க முடியாது, உடம்பில் ஒட்டாத ரத்தம் போல இருப்பார்கள் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்.

குடும்பத்தின் மற்றக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாமுக்கு ஆளுநர் டட்லியின் மகள் ரெபெக்காவைக் கட்டிவைத்தார்கள், 1702-இல். பெரிய இடத்துச் சம்பந்தம்தான், ஆனால் புருஷன் பெண்டாட்டிக்கு ஒத்துவராமல் பல வருடம் பிரிந்து இருந்தார்கள், சம்பந்திகள் இரண்டு பேரும் பெரிய பதவிகளை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து பேசினார்கள். நடுவில் 1707-இல் டட்லிமேல் எதிரியோடு வியாபாரம் செய்தார் என்று புகார் கிளம்பியபோது, அவரைக் குற்றமற்றவர் என்று சொன்ன தீர்மானத்துக்குத் தான் போட்ட வாக்கைச் சூவல் திரும்பப் பெற்றுக்கொண்டார். சம்பந்தி வீட்டில் அன்று என்ன பேசியிருப்பார்களோ. இன்னொரு மகன் ஜோசப் பாஸ்டனில் போதகர் ஆனார், 1724-இல் ஹார்வர்டின் தலைவர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார்.

1717 அக்டோபரில் ஹன்னா இறந்தார், 41 வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர். இரண்டு வருடத்தில் சூவல் அபிகேல் டில்லியை மணந்தார், அந்த அம்மாள் ஏழே மாதத்தில் போய்விட்டார். அப்புறம்தான் டைரியிலேயே மிக அருமையான பகுதி வருகிறது. 68 வயது தலைமை நீதிபதி, கேத்தரின் வின்த்ராப் என்ற 56 வயது விதவையைப் பார்க்க ராத்திரி ராத்திரி போகிறார். யார் இந்தக் கேத்தரின்? சேலத்தில் சூவலோடு உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன வெய்ட் வின்த்ராப்பின் மனைவி. அது மட்டுமா, 1692-லேயே அந்த நீதிமன்றத்தைக் கிழித்துக் கடிதம் எழுதிய தாமஸ் பிராட்டிலின் தங்கை! பாஸ்டன் எவ்வளவு சின்ன ஊர் என்று இதிலிருந்தே தெரியும்.

சர்க்கரை பூசிய பாதாம் அரை ராத்தல் வாங்கிப் போகிறார், ராத்தல் மூன்று ஷில்லிங் என்று விலையையும் எழுதிவைக்கிறார். கையுறையைக் கழற்றுங்கள் என்று கேட்கிறார், ஏன் என்று அந்த அம்மாள் கேட்க, செத்த ஆட்டின் தோலைப் பிடிப்பதற்கும் உயிருள்ள பெண்ணின் கையைப் பிடிப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம் இருக்கிறதே என்கிறார். நல்ல பதில், கையுறை கழன்றது. ஆனால் அந்த அம்மாளுக்கு நிபந்தனைகள் இருந்தன. கோச் வண்டி வைக்கவேண்டும். வருடத்துக்கு 100 பவுண்டு ஆகும், கட்டுப்படியாகாது என்கிறார் இவர். 40 தான் ஆகும் என்கிறார் அவர். விக் வைத்துக்கொள்ளுங்களேன் என்ற பேச்சும் வந்தது. விக் என்றால் சூவலுக்கு அறவே ஆகாது. 1701-இல், தன் மன்னிப்பைப் படித்த அதே வில்லர்டின் மகன் நல்ல முடியை வெட்டிவிட்டு விக் வைத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டு, நேரே வீட்டுக்கே போய்ப் புத்தி சொல்லிவிட்டு வந்தவர். பிறப்பதற்கு முன்பிருந்தே எனக்கு முடி கொடுத்துவருபவர் ஒருவர் இருக்கிறார், அவரை விட்டுவிட்டு வேறொருவரிடம் போக மனம் வரவில்லை என்று கேத்தரினிடம் சொன்னாராம்.

நவம்பர் 7-ஆம் தேதி ராத்திரி போனபோது அந்த அம்மாள் பேத்தியைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தார். உங்களை நேசிக்கிறேன், உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன் என்றார் சூவல். உங்கள்மேல் மிகுந்த மரியாதை உண்டு என்று பதில் வந்தது. அடுப்பில் ஒரு குட்டைக் கொள்ளிதான் மிச்சம், செங்குத்தாக நிறுத்தியிருந்தது, அதுவும் எரிந்து சரிந்து விழுந்தது, யாரும் புது விறகு வைக்கவில்லை. கையுறையைக் கழற்றச் சொல்லவும் இல்லை. அந்த அம்மாளின் உடைகூட முன்பு போல அவ்வளவு சுத்தமாக இல்லை என்று எழுதி, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று முடித்துவிட்டார்.

1722-இல் மேரி கிப்ஸ் என்ற விதவையை மணந்தார், 1728-இல் பதவிகளை விட்டார், 1730 ஜனவரி 1 அன்று 77 வயதில் இறந்தார். 14 பிள்ளைகளில் அப்போது உயிரோடு இருந்தது மூன்று பேர்: சாம், ஜோசப், 1702-இல் கடைக்குட்டியாகப் பிறந்த இரண்டாவது ஜூடித். பாஸ்டனின் கிரானரி கல்லறைத் தோட்டத்தில், அன்று மதியம் இறங்கி எண்ணிப் பார்த்த அதே பெட்டிகளோடு, அவரையும் வைத்தார்கள்.